சாய்வு சைக்கிள் வேகத்துக்கும்தான்

முதுகைச் சாய்த்து, காலை முன்னால் நீட்டி மிதிக்கும் சாய்வு சைக்கிள் சொகுசுக்கு மட்டும்தான் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. 1933-இல் பிரான்சிஸ் ஃபோர் என்ற பிரெஞ்சு வீரர் பாரிஸில் அதை ஓட்டித்தான் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டரைத் தாண்டி, 1914-ஆம் ஆண்டுச் சாதனையை முறியடித்தார். அடுத்த ஆண்டே சர்வதேச சைக்கிள் சங்கம் இந்த வகையைப் போட்டிகளிலிருந்து ஒதுக்கிவைத்தது. பெரிய அநியாயம் அது.

நான் இருக்கை சற்று நிமிர்ந்த நீளமான சாய்வு சைக்கிளிலிருந்து, தரையை ஒட்டிப் படுத்து ஓட்டும் லோரேசர் என்ற வகைக்கு மாறினேன். பெடல் இருக்கையைவிட உயரத்தில் இருப்பதால் உடம்பில் மோதும் காற்று குறைவு. சமதரையில் அதே மிதிக்கு வண்டி பறக்கிறது. முதல் இரண்டு வாரம் கிளம்பும்போதெல்லாம் தள்ளாடியது. மேட்டில் எழுந்து நின்று மிதிக்க முடியாது, சின்ன கியர் கட்டாயம். அப்புறம், பின்னால் உயரமாக ஒரு கொடி கட்டுங்கள், லாரி ஓட்டுபவர் கண்ணில் பட வேண்டும்.