சம்பளத்தைக் கூட்டினால் சாராயக்கடைக்குத்தான் போகுமாமே?

இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டச் சம்பளப் பேச்சு எழும்பும்போதெல்லாம் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார்: "கூட்டிக் கொடுத்து என்ன பயன், எல்லாம் சாராயக்கடைக்குத்தான் போகும்." வெளியாட்கள் சொன்னால் விட்டுவிடலாம். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிறந்து, படித்து, கொழும்பில் வேலைக்குப் போன நம்முடைய பிள்ளைகளும் இதையே சொல்கிறார்கள்.

லயத்தில் குடி இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. சம்பள நாள் இரவில் எந்தக் காம்பராவில் (லய அறையில்) சண்டை என்று அங்கே வளர்ந்த எவருக்கும் தெரியும். ஆனால் அது ஏதோ எங்கள் இரத்தத்தில் ஊறியது என்பதுபோலப் பேசுகிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை. சாராயம் மலைக்கு ஏறிவந்த கதை அப்படி ஒன்றும் மர்மமானதல்ல.

முதலில், இது மலையில் விளைந்த பொருளே இல்லை. களுத்துறை, வாத்துவை பக்கம் கரையோரத் தென்னைகளில், மரத்துக்கு மரம் கயிறு கட்டி நடந்து இறக்குகிற கள்ளில் இருந்து வருவது. கள் இறக்கிய அன்றைக்கே நுரைக்கத் தொடங்கும், வைத்திருந்தால் காடியாகிவிடும். காய்ச்சி வடித்த சாராயத்துக்கு அந்தத் தொல்லை இல்லை, மாட்டுவண்டியில் ஏற்றி எத்தனை நாள் ஆனாலும் கண்டிக்குக் கொண்டுபோகலாம். கள்ளில் மதுசாரம் ஐந்தாறு சதவீதம். இன்றைக்குப் போத்தலில் வரும் சாராயம் 33 சதவீதத்துக்கு மேல். தமிழ்நாட்டுக் கிராமத்தில் கள்ளைப் பார்த்து வளர்ந்து கப்பலேறி வந்தவனுக்கு இங்கே பெரும்பாலும் கிடைத்தது இந்தக் கடும் சரக்கு. (மலையில் கள் இறக்கக் கித்துள் மரம் இருந்ததே என்பீர்கள். அது சிங்களக் கிராமத்துச் சொத்து.)

சரி, யார் கொண்டுவந்தார்கள்? ஆங்கிலேய அரசு சாராயம் விற்கும் உரிமையைப் பகுதி பகுதியாக ஏலம் விட்டது. கூடிய தொகை கேட்டவருக்கு அந்தப் பகுதியின் குத்தகை. அரசுக்குத் தன் பங்கு நிச்சயம். குத்தகை எடுத்தவர் எவ்வளவு விற்கிறாரோ அவ்வளவு லாபம். அப்படியானால் தவறணையை, அதாவது சாராயக்கடையை, எங்கே திறப்பார்? கோப்பித் தோட்டங்கள் முளைத்த பக்கமும் வண்டிப்பாதை ஓரமும் பார்த்துத்தான் திறப்பார். மொரட்டுவையைச் சேர்ந்த ஜெரோனிஸ் சொய்சா அப்படிக் குத்தகை எடுத்தவர். அவர் 1837இல் ஹங்குராங்கெத்தையில் பழைய அரச தோட்டத்தை வாங்கிக் கோப்பி போட்டார். நாட்டின் மிகப் பெரிய செல்வந்தக் குடும்பங்களில் ஒன்று அங்கிருந்து எழுந்தது. இலங்கை முதலாளிகளின் முதல் பணத்தில் சாராயக் குத்தகைக்கு எவ்வளவு பங்கு என்பதை வரலாற்றாசிரியர் குமாரி ஜயவர்தன விரிவாகவே எழுதியிருக்கிறார். சாராயக் காசு தோட்டமாயிற்று. தோட்டத்துக் கூலி தவறணை வழியாகத் திரும்பிப் போயிற்று.

1912இல் மதுவரிச் சட்டம் வந்தது, அதை எதிர்த்து மதுவிலக்கு இயக்கம் சூடு பிடித்தது. சேனாநாயக்க சகோதரர்கள் அரசியலில் பெயர் எடுத்தது அந்த மேடைகளில்தான். அவர்களில் இளையவரான டி. எஸ். பிரதமராக இருந்தபோதுதான், 1948இல், மலையகத் தமிழரான எங்கள் ஆட்களின் குடியுரிமை போனது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

வெள்ளைக்காரத் தோட்டத் துரைமாருக்கும் தாகம் இருந்தது. சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் ஒரு குட்டி இங்கிலாந்தை உண்டாக்கப் பார்த்தவர், பியர் வடிப்பதும் அந்தக் கனவில் அடக்கம். 1876இல் துரைமார் கூடும் ஹில் கிளப் வந்தது. அங்கே மாலை முழுக்க ஓடிய விஸ்கியைப் பற்றிப் பேசினால் அது 'பாரம்பரியம்'. லயத்துக் கால் போத்தல் மட்டும் 'சமூகப் பிரச்சினை'.

எங்கள் ஆட்களிடமும் குடிக்கு ஒரு முறை இருந்தது, அதை யாரும் பேசுவதில்லை. தேயிலை ஆலையின் சக்கரத்துக்குக் காவலாக ரோதமுனி என்ற சாமி. கவ்வாத்து வெட்ட, அதாவது தேயிலைச் செடியைக் கத்தரிக்க, தொடங்கும் முன் கவ்வாத்துச் சாமிக்குப் படையல். சுருட்டு, சேவல், சாராயம். கை போய்விடக்கூடாது, கத்தி காலில் பாயக்கூடாது என்ற பயத்தில் வைத்த சாராயம் அது. மலை உச்சியில் ஆலமரத்தடிக் கோயிலுக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே சாமிக்கு ஊற்றியது போக மிச்சம் எல்லோருக்கும் ஒரு வாய்தான். பூசாரி கண் பார்க்க யாரும் அளவு மீறுவதில்லை. இதைக் காட்டுமிராண்டித்தனம் என்று ஒதுக்கிவிட்டு, டவுனில் வைன் ஸ்டோர்சுக்கு லைசன்ஸ் கொடுத்தால் முன்னேற்றம் என்கிறார்கள். எனக்கு அந்தக் கணக்கு விளங்கவில்லை.

2022 நெருக்கடிக்குப் பிறகு மதுவரி அடுக்கடுக்காக ஏறி, சாராயப் போத்தல் ஒன்று 3,000 ரூபாயைத் தாண்டியது. 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. அப்போது இரண்டு நாள் வேலை செய்தாலும் ஒரு போத்தல் வாங்க முடியவில்லை. குடிப்பவன் நிறுத்திவிட்டானா? இல்லை, கள்ளச்சாராயமான கசிப்புக்குப் போனான். சீனி, ஈஸ்ட், தண்ணீர் சேர்த்துப் புளிக்கவிட்ட கோடாவை ஓடைக்கரையில் காய்ச்சுவது. அதில் என்ன கலந்திருக்கிறது என்று காய்ச்சியவனுக்கே நிச்சயமில்லை. வரியை ஏற்றினால் குடி குறையும் என்று அறிக்கை விடுகிறவர்கள், ஏழை குடிக்கும் சரக்கு வரி கட்டாத சரக்கு என்பதை மறந்துவிடுகிறார்கள்.

'சம்பளம் குடியில் போகும்' என்ற வாதம் உண்மையில் உடைவது வேறு இடத்தில். கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். காலையில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், அட்டை கடிபட்டு, கிலோக் கணக்கு நிறைக்காவிட்டால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) வாங்குவது அவர்கள்தான். மனைவியின் சம்பளத்தைக் கணவன் கையில் கொடுக்கும் வழக்கம் தோட்டங்களில் வெகுகாலம் இருந்தது. அதைச் செய்தது நிர்வாகம், கேட்டு வாங்கியது எங்கள் ஆண்கள். இரண்டு பேரையும் நான் விடத் தயாரில்லை. 2018 ஜனவரியில் பெண்களுக்கு மது விற்கத் தடை விதித்த பழைய விதியை நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார், சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். கடைக்குள் நின்று வாங்கவே கூடாதென்று அரசு விலக்கி வைத்த அதே பெண்ணின் சம்பளத்தைத்தான், கூட்டினால் சாராயக்கடைக்குப் போகும் என்று பயப்படுகிறீர்கள். அவ்வளவு பயமாக இருந்தால் கூட்டிய தொகையை அவள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் போடச் சொல்லிக் கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.