லெந்து 46 நாளா, 40 நாளா?

லெந்து என்பது ஈஸ்டருக்கு முந்தைய உபவாச காலம்; சாம்பல் புதனன்று தொடங்கும். “சாம்பல் புதன் முதல் ஈஸ்டர்வரை 46 நாள் வருகிறது, ஆங்கிலிக்கன்கள் (இங்கிலாந்து திருச்சபை மரபினர்) சும்மா 40 என்கிறார்கள்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஞாயிறுகளைக் கழிக்காமல் எண்ணியதால் வந்த குழப்பம் இது. 2025இல் சாம்பல் புதனான மார்ச் 5 முதல் ஈஸ்டருக்கு முந்தின நாளான ஏப்ரல் 19 வரை 46 நாள். நடுவே 6 ஞாயிறு. கழித்தால் சரியாக 40. ஆங்கிலிக்கன்களின் 1662 ஜெப புத்தகத்தின் அட்டவணையில் எல்லா ஞாயிறுகளும் பண்டிகை நாட்கள்; அன்று உபவாசம் கிடையாது.

அதற்காக ஞாயிறு லெந்துக்கு வெளியே போய்விடாது. சாம்பல் புதனுக்குரிய ஜெபத்தை லெந்து முழுக்கத் தினமும் வாசிக்கச் சொல்கிறது அதே புத்தகம்: முதலில் அந்த நாளுக்குரிய ஜெபம், பிறகு இது. ஞாயிறன்று இதை விட்டுவிடுவதுதான் பல இடங்களில் நடக்கும் தவறு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்த காலமான அட்வெந்தின் முதல் ஞாயிற்று ஜெபத்துக்கும் இதே முறைதான், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்வரை.