மொசார்ட் கேட்டால் ஐ.க்யூ. கூடுமா?

கோத்தகிரிப் பக்கம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "தினமும் பத்து நிமிடம் மேலைநாட்டு இசை மேதை மொசார்ட்டின் இசையைக் கேட்டாலே குழந்தையின் ஐ.க்யூ. கூடிவிடும், வயலின் வகுப்பு, இளையோர் இசைக்குழு எல்லாம் வீண் செலவு." இது தவறு.

இந்த நம்பிக்கைக்கு வேர், 1993-இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் வந்த ஓர் ஆய்வு. அதில் குழந்தைகளே கிடையாது. கேட்டவர்கள் 36 கல்லூரி மாணவர்கள். காகிதத்தை மடித்து வெட்டினால் என்ன வடிவம் வரும் என்பது போன்ற கணக்குகளில் மட்டும் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. அதுவும் கால் மணி நேரம்கூடத் தாண்டவில்லை. இதை நம்பி 1998-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்க நிதி கேட்டது தனிக் கூத்து!

சரி, இசைக்குழு வீணா? ஒத்திகையை ஒருநாள் போய்ப் பாருங்கள். இரண்டு வயலின் பிள்ளைகளுக்கு, இசைக்குறிப்புத் தாள் வைக்க ஒரே ஸ்டாண்டு. உள்பக்கம், அதாவது பார்வையாளர்களுக்குத் தள்ளி, உட்கார்ந்த பிள்ளை வாசிப்பதை நிறுத்திப் பக்கத்தைப் புரட்டும்; பக்கத்துப் பிள்ளை விடாமல் வாசிக்கும். தன் முறை வரும்வரை வயலின் வில்லை மடியில் வைத்துக்கொண்டு, உதடு அசையத் தாளத்தை எண்ணிக்கொண்டிருக்கும் இன்னொன்று. இதெல்லாம் இயர்போனில் வராது. ஐ.க்யூ. கூடும் என்று இதற்கும் நான் உத்தரவாதம் தரமாட்டேன்.