சான்றிதழுக்குக் கட்டும் தவணை

இணையவழியில் குற்றவியல் நீதிச் சான்றிதழ் படித்தால் சம்பளம் உயரும் என்று நான் படித்த ஒரு கட்டுரை பொதுப்படச் சொல்கிறது. எந்த வேலைக்கு என்று பிரித்துப் பார்த்தால்தான் கணக்கு விளங்கும். கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் (பி.எஸ்.சி.) ஆகட்டும், தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் ஆகட்டும், காவல் உதவி ஆய்வாளர் பணிக்குக் கேட்பவை பட்டப்படிப்பும் எழுத்துத் தேர்வும் உடல்தகுதியும்தான். இத்தகைய சான்றிதழ் அவற்றில் எதற்கும் ஈடாகாது.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் பி.காம். முடித்த எங்கள் உறவுக்காரப் பெண்ணுக்கு இத்தகைய சான்றிதழ் படிப்பை நடத்தும் ஒரு தனியார் நிறுவனம் அனுப்பிய விவரத்தாளை முழுவதும் படித்தேன். கட்டணம் 45,000 ரூபாய், மாதம் 3,750 வீதம் 12 தவணை. பணத்தைக் கொடுப்பது வேறொரு கடன் நிறுவனம் என்பதால், படிப்பைப் பாதியில் விட்டாலும் தவணை நிற்காது. வேலைவாய்ப்புக்கு உதவி என்பது கொட்டை எழுத்தில் இருக்கிறது. உத்தரவாதம் இல்லை என்பது பொடி எழுத்தில். அதைவிட உறுத்தியது பாடத்திட்டம்: 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்ட பிறகும், கொலைக்கான தண்டனையை 103ஆம் பிரிவு என்று சொல்லாமல் பழைய 302 என்றே அச்சிட்டிருக்கிறார்கள். (இதற்கா இவ்வளவு கட்டணம்!)

சட்டம் படித்தவர்களுக்கோ, சிறார் நலப் பணியில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கோ இந்த அறிவு பயன்படலாம். அவர்களுக்கும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் (இக்னோ) குற்றவியல் நீதி முதுநிலைப் பட்டயம் போன்றவற்றை முதலில் பார்ப்பதே உசிதம். அந்தப் பெண்ணிடம், பி.எஸ்.சி. பயிற்சி வகுப்புக்கும் ரேங்க் ஃபைல் எனப்படும் தேர்வு வழிகாட்டி நூலுக்கும் செலவிடச் சொல்லியிருக்கிறேன். அவளுடைய அப்பா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.