எல்லாவற்றிலும் தமிழனைத் தேடுகிறேனாம்

ஞாயிற்றுக்கிழமை அந்த இணையச் சினிமாக் குழுவில் நடந்ததை நீங்கள் பெரும்பாலும் பார்த்திருப்பீர்கள். மறுபடி முதலிலிருந்து சொல்லும் பொறுமை எனக்கு இல்லை. 'எல்லாக் காலத்துக்குமான சிறந்த 25 போர்ப்படங்கள்' என்று ஒரு பட்டியல். முதலிடம் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்'. அதன் கீழே நான் எழுதிய ஆறு வரி. அதற்கு வந்த சிரிப்புப் பொம்மைகள். அப்புறம் என் பின்னூட்டமே காணாமல் போனது. இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்தப் படத்தின் கதை, இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் ராணுவம் கைதிகளை வைத்துப் போட்ட சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதையைப் பற்றியது. அந்தப் பாதை போட்டதில் மிக அதிகமாகச் செத்த ஆசியத் தொழிலாளர்கள், அதில் நம் தமிழர்களும், அந்தப் படத்தில் இல்லை. அதைச் சொல்லாமல் முதலிடம் கொடுக்கலாமா? படத்தைப் பட்டியலிலிருந்து தூக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள் என்றேன். அதற்குத்தான் "எல்லாத்துலயும் தமிழனைத் தேடாதீங்க பாஸ்" என்று பதில் வந்தது. அதற்குக் கீழே வரிசையாக எத்தனை பேர் விழுந்து விழுந்து சிரித்திருந்தார்கள் என்று எண்ணவில்லை. அதில் எனக்குத் தெரிந்தவர்கள் நான்கு பேர் இருந்தார்கள்.

நான் தேடவில்லை. அவர்கள் அங்கே இருந்தார்கள்.

சயாமில் பான்போங்கிலிருந்து பர்மாவில் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். காட்டையும் பாறையையும் பெரும்பாலும் கையாலேயே வெட்டி முடித்தார்கள். வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர், அவர்களில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் பேர் அளவில். அவர்களில் இறந்தவர்கள் 90,000 வரை இருக்கும் என்கிறார்கள். சரியான எண்ணிக்கை கிடையாது, ஏனென்றால் அவர்கள் சாவை யாரும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை. பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர், அவர்களோடு மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள். போர்க்கைதிகளின் முகாமில் அவர்களுடைய ராணுவ மருத்துவர்களாவது இருந்தார்கள், கையில் மருந்து இல்லாவிட்டாலும் காலராவுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள். தோட்டத்து ஆட்களின் கொட்டகைகளில் அந்த ஆதரவும் இல்லை.

இன்று தாய்லாந்தில் காஞ்சனபுரிக்குப் போனால் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறக்குறைய 7,000 பேர் அங்கே கிடக்கிறார்கள். அழகாகப் பராமரிக்கிறார்கள், அப்படித்தான் பராமரிக்க வேண்டும். நம் ஆட்களுக்குப் பெயர் பொறித்து வரிசையாக வைத்த கல் அப்படி எங்கே இருக்கிறது?

இதைத்தான் ஆறு வரியில் எழுதினேன்.

எனக்கு அந்தப் படம் பிடிக்காது என்று யாரும் நினைக்க வேண்டாம். அதை இயக்கிய டேவிட் லீனின் படத்தைத் தூக்கியெறியும் ஆள் நான் இல்லை. கைதியான பிரிட்டிஷ் கர்னலாக நடித்த அலெக் கின்னஸ் தகரப் பெட்டிக்குள்ளிருந்து வெளியே வந்து, கால் பின்ன, முதுகை நிமிர்த்திக்கொண்டே நடப்பாரே, அந்த நடைக்கே ஆஸ்கர் கொடுக்கலாம். எதிரிக்குப் பாலம் கட்டிக் கொடுத்து, அதிலேயே பெருமைப்பட்டு, கடைசியில் "நான் என்ன செய்துவிட்டேன்" என்று நிற்கும் அந்தக் கர்னலைப் போல ராணுவ வீம்பைக் காட்டிய பாத்திரம் குறைவு. நான் பத்துத் தடவைக்கு மேல் பார்த்திருக்கிறேன். அதனால்தான் வலிக்கிறது. பிடிக்காத படம் என்றால் கடந்து போயிருப்பேன்.

முதல் தடவை பார்த்தது 1996இல், அம்மாவின் ஊரில், பட்டுக்கோட்டைப் பக்கம். மாமாவுக்கு இங்கிலீஷ் சண்டைப் படம் என்றால் உயிர். டவுனிலிருந்து டெக்கும் கேசட்டும் வாடகைக்கு எடுத்து வந்திருந்தார். கூடத்தில் நாங்கள் எல்லோரும் பாய் போட்டு உட்கார்ந்திருந்தோம். தாத்தா வழக்கம்போலத் திண்ணையில். அவர் சினிமாக் கொட்டகைக்கே போக மாட்டார். ஊரே எம்.ஜி.ஆர். படத்துக்கு வண்டி கட்டிப் போனபோதும் அவர் போனதில்லை என்று அம்மாயி சொல்வார். மலாயாவில் இருந்துவிட்டு வந்த ஆள், கொஞ்சம் ஒருமாதிரி என்றுதான் எங்களுக்குத் தெரியும்.

அன்றைக்கு விசில் சத்தம் கேட்டு உள்ளே வந்தார். கைதிகள் விசிலடித்துக்கொண்டு அணிவகுத்து வரும் காட்சி. "என்ன எடம்டா இது?" என்றார். மாமா உற்சாகமாக, "சயாம் ரயில் பாதை போட்டாங்கல்ல, அந்தக் கதைதாம்ப்பா" என்றார். தாத்தா சுவரில் சாய்ந்து நின்றபடியே பார்த்தார். உட்காரவில்லை. பாதிப் படம் போயிருக்கும். "நம்ம ஆளுவள ஒருத்தனையும் காணுமேடா" என்றார். மாமா, "வருவாங்கப்பா" என்றார். மாமாவும் படத்தை அதுவரை பார்த்ததில்லை.

வரவில்லை. பாலம் வெடித்து ரயில் ஆற்றில் விழுந்து படம் முடிந்தது. தாத்தா திண்ணைக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில்தான் அம்மாயி எங்களிடம் சொன்னார். தாத்தாவும் அவர் தம்பியும் மலாயாவின் பேராக்கில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள். ஜப்பான்காரன் வந்தபின் முதலில் ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூன்று மாத வேலை என்று ஆசைகாட்டி ஆள் எடுத்தான். போனவர்கள் திரும்பவில்லை என்று தெரிந்ததும் ஆட்கள் ஒளிந்துகொண்டார்கள். அப்புறம் இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டு, கொட்டகை நிறைந்ததும் கதவைப் பூட்டி, உள்ளே இருந்தவர்களை அப்படியே லாரியில் ஏற்றினான். மலாயாவில் பல ஊர்களில் இப்படி நடந்ததாகப் பின்னால் நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். தாத்தாவின் தம்பி அப்படி ஒரு கொட்டகைக்குப் போனவர். அவருக்கு வயது பத்தொன்பது. தாத்தாவுக்கு அன்றைக்குக் காய்ச்சல், போகவில்லை.

1950களில் தாத்தா ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கியபோது தனியாகத்தான் இறங்கினார்.

இப்போது சொல்லுங்கள், நான் எல்லாவற்றிலும் தமிழனைத் தேடுகிறேனா?

இனி அங்கே வந்த பதில்களுக்கு வருகிறேன். அங்கே எழுத வழியில்லை, அதனால் இங்கே.

"சினிமாவைச் சினிமாவாகப் பாருங்கள்" என்று அதிகம் பேர் எழுதினார்கள். அதே பட்டியலில் இரண்டாம் இடம் 'சேவிங் பிரைவேட் ரயன்'. அதற்கு அட்மின் எழுதிய குறிப்பு என்ன? அமெரிக்க வீரர்கள் பிரான்சில் இறங்கிய ஒமாஹா கடற்கரை அப்படியே கண் முன்னால் வருகிறது, தோட்டா தண்ணீருக்குள் பாயும் சத்தம்கூட உண்மை போல இருக்கிறது, போரில் இருந்தவர்களே பார்த்துக் கலங்கினார்கள். நல்லது, எனக்கும் அந்தப் படம் அதற்காகத்தான் பிடிக்கும். ஆனால் அங்கே உண்மைக்கு மதிப்பெண் போட்டுவிட்டு, இங்கே நான் உண்மையைக் கேட்டால் மட்டும் "படம்தானே" என்று எப்படிச் சொல்வீர்கள்? ஏதாவது ஒரு பக்கம் நில்லுங்கள்.

படம்தானே என்று சொல்லும் அளவுக்குச் சின்ன விஷயமும் இல்லை அது. நிஜப் பாலம் இருந்தது மே க்லோங் ஆற்றின் மேல். படம் உலகம் முழுக்க ஓடியபின் சுற்றுலாப் பயணிகள் க்வாய் எங்கே, க்வாய் எங்கே என்று கேட்டு வந்தார்கள். 1960களில் தாய்லாந்துக்காரர்கள் ஆற்றின் அந்தப் பகுதிக்குப் பெயரையே க்வாய் யாய் என்று மாற்றிவிட்டார்கள். ஒரு நதியின் பெயரை மாற்றும் சக்தி ஒரு படத்துக்கு இருக்கிறது என்றால், அங்கே செத்தவர்கள் யார் என்று உலகம் நினைப்பதையும் அதே படம்தான் தீர்மானித்திருக்கிறது.

"நாவலே பிரிட்டிஷ்காரர்களைப் பற்றியது, கதாசிரியர் மேல் என்ன தப்பு" என்று ஒரு தம்பி மரியாதையாகக் கேட்டிருந்தார். அவருக்கு மட்டும் நன்றி. ஒருவர் எல்லாவற்றையும் எழுத முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாவலை எழுதிய பியர் பூல் பிரான்சில் உட்கார்ந்து கேள்விப்பட்டு எழுதியவர் இல்லை. போருக்கு முன்னால் 1936 முதல் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். காலையில் எழுந்தால் அவர் பார்த்திருக்கக்கூடிய முதல் முகமே ஒரு தமிழ் முகமாக இருந்திருக்கும். படம் எடுத்ததும் இலங்கையில், களனி கங்கைக் கரையில், கித்துல்கலவில். எழுதியவர் எங்களோடு இருந்தார், படக்குழு எங்கள் பக்கத்துக் கடலைத் தாண்டி வந்து இறங்கியது. அப்படியும் நாங்கள் ஒரு ஓரத்தில்கூடத் தென்படவில்லை.

"1957இல் படங்கள் அப்படித்தான் இருந்தன" என்கிறார்கள். அதே 1957இல்தான் குப்ரிக்கின் 'பாத்ஸ் ஆஃப் க்ளோரி' வந்தது. முதல் உலகப் போரில் தன் சொந்த வீரர்கள் மூன்று பேரையே கோழைகள் என்று குற்றம்சாட்டிச் சுட்டுக்கொல்லும் பிரெஞ்சு ராணுவத்தைப் பற்றிய படம். 1975 வரை பிரான்சில் திரையிடவில்லை. 'க்வாய்'க்கு ஏழு ஆஸ்கர், அதற்கு ஒரு பரிந்துரைகூட இல்லை. அந்தக் காலம் எல்லோரையும் ஒரே மாதிரி எடுக்க வைக்கவில்லை. இந்தப் பட்டியலில் அதற்குப் பதினெட்டாவது இடமாம். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இன்றைக்கு மனசில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்தப் படம் வந்தபோது முதலில் கோபப்பட்டவர்கள் அங்கே கைதியாக இருந்த பிரிட்டிஷ் வீரர்கள்தான். அந்த முகாமில் கைதிகளுக்கு நிஜத் தலைமை அதிகாரியாக இருந்த பிலிப் டூசி, தன் ஆட்களைக் காப்பாற்றப் போராடியவர், வேலையைக் கெடுக்கவும் வழி பார்த்தவர். அவர் இடத்தில் எதிரிக்கு ஒத்துழைக்கும் ஒரு கர்னலைக் காட்டுவது அநியாயம் என்றார்கள். சரியான கோபம். அதை எல்லோரும் வரலாற்று விவாதம் என்கிறார்கள். அதே அநியாயத்தை நான் சொன்னால் சென்டிமென்ட் என்கிறார்கள்.

திரைக்கதை எழுதிய கார்ல் ஃபோர்மன், மைக்கேல் வில்சன் இருவரும் கம்யூனிஸ்ட் என்று சந்தேகித்தவர்களை ஒதுக்கிய ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் இருந்ததால் படத்தில் அவர்கள் பெயர் போடவில்லை. ஆஸ்கர் பூலுக்குப் போனது. அது தவறு என்று 1984இல் அகாடமியே திருத்தி, அந்த விருதை அவர்கள் இருவருக்கும் சேர்த்தது. விடுபட்ட இரண்டு பெயரைச் சேர்க்கலாம். அதனால் படத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. நான் கேட்டதும் ஒரு வரிதான்.

"அப்படியானால் எல்லா நாட்டுக்காரனையும் எல்லாப் படத்திலும் காட்ட வேண்டுமா" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல விருப்பமில்லை. நான் அதைக் கேட்கவில்லை என்று அவர்களுக்கே தெரியும்.

நான் போர்ப்படம் பார்க்கும்போது முதலில் பார்ப்பது கேமரா யார் பக்கத்தில் நிற்கிறது என்பதை. வெடிக்கு எவ்வளவு செலவு செய்தார்கள் என்பதை இல்லை. எலெம் கிளிமோவின் 'கம் அண்ட் சீ' அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. பெலாரூஸில் ஒரு பையன், அவன் கண் முன்னால் நாஜிகள் ஒரு கிராமத்தையே எரிக்கிறார்கள். 628 கிராமங்கள் மக்களோடு எரிக்கப்பட்டன என்று படம் முடிவில் எழுத்தில் சொல்கிறது. எண்ணிச் சொல்கிறது. 'தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்' இன்னும் ஒரு படி மேலே. பிரான்சிடமிருந்து விடுதலைக்குப் போராடிய அல்ஜீரியர்களின் பக்கம் நிற்கும் படம் அது. ஆனாலும் பிரெஞ்சுக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் கடையில் ஒரு பெண் குண்டை வைத்துவிட்டுச் சுற்றிப் பார்க்கும்போது, கேமரா அங்கே சாகப்போகும் முகங்களை ஒவ்வொன்றாகக் காட்டுகிறது. ஐஸ்கிரீம் தின்னும் ஒரு குழந்தையையும் காட்டுகிறது. எதிர்ப்பக்கத்துச் சாவுக்கே முகம் கொடுத்தார் அதன் இயக்குநர் பொன்டெகொர்வோ. இங்கே ஒரே பாதையில், ஒரே ஜப்பானியனிடம் அடிவாங்கிச் செத்த தொழிலாளிக்கு முகம் இல்லை.

முதலில் எழுதும்போது படத்தைத் தூக்கச் சொல்லவில்லை, பக்கத்தில் ஒரு வரி போதும் என்று எழுதினேன். எழுத எழுத எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. இல்லை, மாற்றத்தான் வேண்டும். நல்ல படம், இருக்கட்டும், பத்தாவது இடத்தில் இருக்கட்டும். போரைப் பற்றி எடுத்த படங்களிலேயே இதுதான் தலைசிறந்தது என்று தமிழில், தமிழர்கள் நடத்தும் ஒரு குழுவில், தமிழர்கள் ஓட்டுப் போட்டு எழுத வேண்டாம். ஆங்கிலேயன் எழுதட்டும், அவனுக்கு அவன் தாத்தா அதில் தெரிகிறார். எனக்குத் தெரியவில்லை.

நேற்று ராத்திரி மாமா போன் செய்தார். யாரோ அவருக்கு அந்தச் சண்டையை அனுப்பியிருக்கிறார்கள். அறுபத்தெட்டு வயசாகிறது. "விடுடா, அவனுவளுக்கு என்ன தெரியும்" என்பார் என்று நினைத்தேன். அவர் அதைச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அந்தக் கேசட்ட நாந்தாண்டா எடுத்துட்டு வந்தேன்" என்றார். அதற்கு முன்னால், படத்தைப் பார்க்காமலேயே, அந்த விசில் மெட்டை மாமா எப்போதும் அடித்துக்கொண்டிருப்பார், சைக்கிள் மிதிக்கும்போதெல்லாம். அந்த ராத்திரிக்குப் பிறகு அவர் அதை அடித்து நான் கேட்டதில்லை.

அங்கே நீக்கிய ஆறு வரியை முதல் கமெண்ட்டில் அப்படியே போடுகிறேன். ஒரு எழுத்தும் மாற்றவில்லை.