இரண்டு மணி நேரக் கதைக்கு முழு விலை கொடுக்கலாமா?

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் தம்பி மகன் சென்ற வாரம் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டான். "பெரியப்பா, 'வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபின்ச்'னு ஒரு கேம் வாங்கலாம்னு இருக்கேன். ஆனா ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிருமாம். முழு விலை குடுக்கலாமா, இல்ல சேல் வர்ற வரைக்கும் பொறுக்கலாமா?" அப்போது அவனுக்கு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. கதையை நம்பி நிற்கும் சிறிய கேம்களைப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக வாங்கி ஆடி வருகிறவன் என்ற முறையில், அந்தப் பதிலை இங்கே சற்று விரிவாக எழுதிப் பார்க்கிறேன்.

கேம் வாங்குகிறவர்களிடம் ஓர் எளிய வாய்ப்பாடு இருக்கிறது. விலையை மணி நேரத்தால் வகுக்க வேண்டும். 60 டாலர் கேம் 100 மணி நேரம் ஓடினால் மணிக்கு 60 சென்ட். 20 டாலர் கேம் 2 மணி நேரத்தில் முடிந்தால் மணிக்கு 10 டாலர். 2013இல் 'கான் ஹோம்' 20 டாலருக்கு வந்தபோது எழுந்த சண்டையும் இதுதான். 2015இல் 60 டாலருக்கு வந்த 'தி ஆர்டர்: 1886' ஒரே வார இறுதியில் முடிந்துவிடுகிறது என்று எழுந்த கூச்சலும் இதுதான். ஆனால் என் கணக்கில் இந்த இரண்டு கேம்களும் ஒரே தராசில் வைக்கக் கூடியவை அல்ல. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அளவைப் பார்த்து விலையை மதிப்பிடும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. தமிழ்ப் புத்தகங்களுக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு விலை வைக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. தாளுக்கும் அச்சுக்கும் பக்கத்துக்குப் பக்கம் செலவு ஏறுவதால் அதில் ஒரு நியாயமும் இருக்கிறது. கேமில் தாள் இல்லை. ஐம்பது மணி நேரம் ஓடும் ஒரு கேமில், முதல் மூன்று மணி நேரத்தில் கற்றுக்கொண்ட அதே வாள்வீச்சையும் அதே குதிரைச் சவாரியையும்தான் மீதி நாற்பத்தேழு மணி நேரமும் செய்துகொண்டிருக்கிறோம். ஒருமுறை செய்த பொருளைப் பலமுறை பரிமாறுவதால்தான் அந்த நீளமே சாத்தியமாகிறது. பெரிய தள்ளுபடியில் நான் வாங்கிய அப்படியொரு கேம் மூன்று ஆண்டுகளாகப் 11 மணி நேரத்தில் நிற்கிறது. வரைபடத்தில் ஒரு கேள்விக்குறியிலிருந்து அடுத்த கேள்விக்குறிக்குக் குதிரையை ஓட்டி ஓட்டி ஒரு நாள் அலுத்துவிட்டது. மணிக்கு எவ்வளவு என்ற கணக்கில் அது மலிவுதான். நான் ஆடாமல் விட்ட மணிகளையும் சேர்த்துக்கொண்டால்.

ஈடித் ஃபின்ச் இதற்கு நேர் எதிரான வழியில் செய்யப்பட்டது. ஜயன்ட் ஸ்பாரோ என்ற சிறிய நிறுவனம் உருவாக்கி, 2017 ஏப்ரலில் 20 டாலருக்கு வெளிவந்தது. வாஷிங்டன் மாநிலக் கடலோரத்தில், குடும்பமே கைவிட்டுப்போன ஒரு வீட்டுக்கு அந்தக் குடும்பத்தின் கடைசிப் பெண் திரும்பி வருகிறாள்; அறை அறையாகச் செல்லும்போது ஒவ்வொருவரும் இறந்த கதை விரிகிறது. இதில் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு கதைக்கும் நம் கைகள் செய்யும் வேலை வேறு என்பதுதான். ஒரு கதையில் ஊஞ்சலை உந்துகிறோம், ஒன்றில் பட்டம் விடுகிறோம், ஒன்றில் கேமராவைக் குறிபார்த்துச் சொடுக்குகிறோம், ஒன்றில் குழந்தையின் குளியல் தொட்டியில் பொம்மைத் தவளையாகத் தாவுகிறோம், ஒன்று முழுக்கப் படக்கதைப் புத்தகத்துக்குள் நடக்கிறது. வேறொரு நிறுவனமாக இருந்தால் இவற்றில் ஒன்றை எடுத்துப் பத்து மணி நேரத்துக்கு இழுத்திருக்கும். இங்கே ஒவ்வொன்றையும் உருவாக்கி, ஐந்து பத்து நிமிடம் பயன்படுத்திவிட்டு, தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். 2 மணி நேரம்தான் என்று சொல்கிறவர்கள், அந்த 2 மணி நேரத்துக்குள் இப்படி எத்தனை சிறு கேம்கள் செய்து கழிக்கப்பட்டிருக்கின்றன என்பதை எண்ணுவதில்லை.

அவற்றுள் மீன் தொழிற்சாலைப் பகுதியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க விரும்புகிறேன். கதையின் முடிவைச் சொல்லவில்லை. கை செய்வதை மட்டும் சொல்கிறேன். லூயிஸ் என்ற இளைஞனின் வேலை மீன்களின் தலையை வெட்டுவது. கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலரில், கட்டைவிரலால் அசைக்கும் வலது ஸ்டிக்கால் மீனை எடுத்து, கத்திக்கு அடியில் தள்ளி, தலை துண்டானதும் உடலை மேலே ஓடும் பட்டையில் போட வேண்டும். அடுத்த மீன் வந்து விழும். சற்று நேரத்தில் அவன் மனத்தில் ஒரு கற்பனை உலகம் தொடங்குகிறது. திரையின் ஒரு மூலையில் சிறு உருவம் ஒன்று தோன்ற, அதை இடது ஸ்டிக்கால் நடத்திச் செல்கிறோம். அந்த உலகம் மெல்ல மெல்லப் பெரிதாகித் திரையை நிறைக்கிறது. இடது கை நகரங்களைக் கடக்கிறது, படகோட்டுகிறது. வலது கை மீன் வெட்டுவதை நிறுத்தவே இல்லை. ஒரு கட்டத்தில், வலது கை தானாக வேலை செய்துகொண்டிருப்பதை நான் மறந்தே போய்விட்டேன் என்பது திடுக்கென்று உறைத்தது. அலுப்பூட்டும் வேலையில் மனம் உடலைவிட்டு எப்படிக் கழன்று போகிறது என்பதை எனக்கு யாரும் விளக்கவில்லை. என் இரண்டு கைகளைக் கொண்டே நடத்திக் காட்டிவிட்டார்கள். இதே பகுதியை யூடியூபிலும் பார்த்தேன். அழகாக இருந்தது, சோகமாகவும் இருந்தது. ஆனால் வலது கை மடியில் சும்மா கிடந்தது.

முழு விலை பற்றிய என் அளவுகோல் இங்கிருந்துதான் பிறந்தது. இந்தக் கதையை வேறொருவர் ஆடி நான் வேடிக்கை பார்த்தால் எனக்கு என்ன குறையும்? அந்தக் குறைதான் நான் விலை கொடுத்து வாங்கும் பொருள். ஒன்றும் குறையாது என்றால் 20 மணி நேரக் கதையானாலும் முழு விலை அதிகம். நிறையக் குறையும் என்றால் 90 நிமிடக் கதைக்கும் கொடுக்கலாம். 'தி ஆர்டர்: 1886' என் கணக்கில் தோற்பது இந்த இடத்தில்தான். லண்டன் தெருக்கள் கண்ணைப் பறித்தன, ஆனால் பெரும்பகுதி நேரம் நான் காட்சிகளைப் பார்த்துக்கொண்டும், திரை கேட்கும்போது ஒரு பொத்தானை அமுக்கிக்கொண்டும் இருந்தேன். அதில் மேலும் பத்து மணி நேரம் சேர்த்திருந்தால் அந்தக் குறை நீண்டிருக்குமே தவிரத் தீர்ந்திருக்காது. 'கான் ஹோம்' அப்படியல்ல. இருட்டான வீட்டில் ஒவ்வொரு இழுப்பறையாக நானே திறந்து, தங்கையின் கதையை நானே கோத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அடுத்தவர் இழுப்பறை திறப்பதைப் பார்ப்பதில் அந்தத் தயக்கமும் குறுகுறுப்பும் வராது.

சினிமா டிக்கெட்டோடு ஒப்பிட்டு இந்த விலையை நியாயப்படுத்துகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த ஒப்பீடு ஒட்டவில்லை. தியேட்டரில் நாம் கொடுக்கும் காசில் திரைக்கும் ஒலிக்கும் குளிர்சாதனத்துக்கும் பங்கு இருக்கிறது. கேமுக்கு அந்தத் திரையையும் கணினியையும் மின்கட்டணத்தையும் நாமே ஏற்கெனவே கொடுத்துவிட்டோம்.

இங்கே 'வெண்பா' பற்றிச் சொல்லாமல் போக முடியாது. டொராண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023 ஜூலையில் 15 டாலருக்கு வெளியிட்ட கேம் அது. 1980களின் இறுதியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன் தம்பதியும் அவர்கள் மகன் கவினும் கதை மாந்தர்கள். வெண்பாவின் அம்மா கொடுத்த, எழுத்தழிந்து கிழிந்த சமையல் குறிப்பேட்டைக் கொண்டு விடுபட்டதை யூகித்துச் சமைப்பதுதான் ஆட்டம். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 2024இல் அதற்கு பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு வழங்கும் சிறந்த அறிமுக கேம் விருது கிடைத்தது. அதில் இட்லித் தட்டுகளைக் குழிக்கு மேல் குழி வராமல் மாற்றி அடுக்க வேண்டும், அப்போதுதான் ஆவி எல்லாத் தட்டுக்கும் ஏறும் என்பது ஒரு புதிர். அமெரிக்காவில் ஆடுகிறவருக்கு அது யோசிக்க வேண்டிய விஷயம். நம் வீட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆக, புதிர் என்ற அளவில் தமிழர்களுக்கு அந்த கேம் இன்னும் குட்டையாகிவிடுகிறது. ஆனாலும் முழு விலை கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. அழிந்த எழுத்தை மனத்துக்குள் நிரப்பிக்கொண்டு கரண்டியை எடுக்கும் அந்தக் கணத்தில் நான் கவினாக இல்லை, வெண்பாவாகவே இருந்தேன். அதே நேரம், சமையலை இன்னும் நாலைந்து பதார்த்தங்களுக்கு நீட்டியிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கும் உண்டு. கவின் வளர்ந்த பிறகான பகுதி கொஞ்சம் அவசரப்பட்டு ஓடுகிறது.

இந்த விவாதத்தின் கசப்பான பக்கம் ஒன்றும் உண்டு. கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற இணையதளத்தில் வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், காரணம் கேட்காமல் பணத்தைத் திருப்பித் தருவார்கள். வாங்குகிறவருக்கு இது நல்ல பாதுகாப்பு. கணினியில் ஓடாத கேம்களைத் திருப்பிக் கொடுத்து நானும் பயனடைந்திருக்கிறேன். ஆனால் முழுக் கதையே 90 நிமிடம் என்றால், ஆடி முடித்து, அழுது, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பணத்தையும் திரும்ப வாங்கிக்கொள்ள அந்த விதி இடம் கொடுக்கிறது. எமிகா கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் 2021இல் 'சம்மர் ஆஃப் 58' என்ற திகில் கேமை வெளியிட்டபோது இதுதான் நடந்தது. விமர்சனங்கள் நன்றாக இருந்தும் ஏராளமானவர்கள் பணத்தைத் திரும்பப் பெற்றதால், கேம் உருவாக்குவதைக் காலவரையின்றி நிறுத்துவதாக அதன் படைப்பாளி அறிவித்தார். விலை அதிகம் என்று தோன்றினால் வாங்காமல் இருக்கலாம், தள்ளுபடிக்குக் காத்திருக்கலாம், இரண்டிலும் தவறில்லை. இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டுவிட்டுக் கல்லாவில் காசைத் திரும்பக் கேட்பது வேறு ரகம்.

காத்திருப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சம்பாதிக்கிற நான், அப்பாவிடம் கைச்செலவுக்கு வாங்கும் பையனிடம் 'கலைக்கு மரியாதை கொடு' என்று பேசுவது எளிது. அவனுக்கு அந்தப் பணம் ஒரு மாதத்து டீயும் பஸ்ஸும். ஈடித் ஃபின்ச் போன்ற பழைய கேம்கள் தள்ளுபடியில் விலையில் பாதிக்கும் கீழே இறங்குவது வழக்கம்; வெளிவந்து பல ஆண்டுகளான கேமுக்கு இன்னும் சில மாதம் பொறுப்பதால் யாருக்கும் நட்டமில்லை. புதிதாக வரும் சிறு நிறுவனத்தின் கேமுக்கு மட்டும் முடிந்தால் முதல் மாதத்திலேயே முழு விலை கொடுக்கப் பார்ப்பேன். அடுத்த கேமுக்கு அவர்களுக்கு முதலீடு கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் அந்த ஆரம்ப விற்பனையைப் பொறுத்தது.

எனவே தம்பி மகனிடம், யூடியூபில் முதல் பத்து நிமிடம் மட்டும் பார்த்துவிட்டு மூடு, அந்த வீட்டின் அடுத்த கதவை நீயே திறக்க வேண்டும் என்று கை பரபரத்தால் வாங்கு, இல்லாவிட்டால் பின்னால் வாங்க விரும்புவதைக் குறித்துவைக்கும் விஷ்லிஸ்டில் போட்டு வை என்றேன். அவன் ஈடித் ஃபின்ச்சை விஷ்லிஸ்டில் போட்டுவிட்டு 'வெண்பா'வை முழு விலைக்கு வாங்கினான். இட்லித் தட்டுப் புதிர் வந்தபோது பின்னாலிருந்து அவன் அம்மா, "டேய், தட்ட மாத்தி வைடா" என்று குரல் கொடுத்துவிட்டாராம். அதன் பிறகு அவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்திருக்கிறார்.