சானிபெல்: கடற்கரை வீடும் தக்காளித் தோட்டமும்

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் உள்ள சானிபெல் தீவை உல்லாசக் கடற்கரையாகக் காட்டும் உங்கள் கட்டுரையில், அங்கே குடியேறிய குடும்பங்கள் 'கடலைப் பார்த்துக்கொண்டே நிம்மதியாக வாழ்ந்தார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். நிம்மதியா? குடியேறுபவர்களுக்கு அரசு நிலம் கொடுக்கும் 1862ஆம் வருட ஹோம்ஸ்டெட் சட்டப்படி 5 வருஷம் அங்கேயே குடியிருந்து பயிர் செய்து காட்டினால்தான் நிலம் சொந்தமாகும். சானிபெல்லில் அந்த வாய்ப்பு 1888இல்தான் திறந்தது. வந்தவர்கள் தக்காளி, கத்தரிக்காய், குடைமிளகாய் என்று போட்டார்கள். பறித்ததைப் பெட்டியில் அடுக்கி நீராவிப் படகில் ஏற்றியாக வேண்டும். படகு தாமதமானால் தக்காளி என்ன ஆகும்? குடிக்க மழைத்தண்ணீர்தான், தொட்டியில் பிடித்து வைத்தது.

கொசுவைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! 1950இல் அந்தத் தீவில் வைத்த ஒரே பொறியில் ஒரு ராத்திரியில் மூன்றரை லட்சத்துக்கும் மேல் விழுந்தன.

விவசாயத்தை முடித்துவைத்தது 1926 புயல். கடல்நீர் வயலுக்குள் ஏறி மண்ணை உப்பாக்கிவிட்டது. நாகப்பட்டினம் பக்கத்துக்காரனான எனக்கு இதை விளக்கவே வேண்டாம், சுனாமிக்கு அப்புறம் எங்கள் வயலும் அப்படித்தான் கிடந்தது.

1963இல் பாலம் வந்த பிறகுதான் நீங்கள் சொல்லும் உல்லாச சானிபெல் வருகிறது. நான் 2019இல் போனபோது காலை 6 மணிக்கே கூட்டம் கூட்டமாகக் குனிந்து சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். இந்தக் குனிவுக்கு அங்கே 'சானிபெல் ஸ்டூப்' என்று பேரே உண்டு. நானும் பொறுக்கினேன், இடுப்பு வலிதான் மிச்சம். அந்தப் பாலப் பாதையின் சில பகுதிகளையும் 2022இல் இயன் புயல் உடைத்துப் போட்டது.